ஆற அமர

மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது ஹோர்சென்ஸில்.
சலவைக்கூடத்து வாசலில் சைக்கிள் பூட்டு உறைந்துபோய்
சாவி நுழையவில்லை.
வீபெகெ குனிந்து வாயால் ஊதி ஊதி
பூட்டை இளக்கிக் கொடுத்துவிட்டு
வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா என்றாள்.
என்ன விசேஷம்?
ஒன்றுமில்லை. அதற்குத்தான்.

பதினேழு மாதமாய் அவளும் நானும்
ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிறோம்.
இரண்டு மூலை அவள், இரண்டு மூலை நான்,
மடிக்க மடிக்க நெருங்கிவந்து
கடைசி மடிப்பில் விரல் தொட்டு விலகுவோம்.
அவ்வளவுதான் பழக்கம்.

அந்தச் சொல்லை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.
ஹூகெ.
உன் மொழியில் என்ன என்று கேட்டாள்
யந்திரங்களின் சத்தத்துக்கு மேல் கத்தி.
கதகதப்பு? அது கோழிக்குஞ்சுகளின் சொத்து.
சொகுசு என்றால் உடனே விலை தெரிகிறது.
ஆற அமர என்றேன்,
பிரித்துப் பொருளும் சொன்னேன்.
ஆறுவதா, ஜனவரியிலா!
சிரித்த சிரிப்பில் விரிப்பு கைநழுவித் தரையில் விழுந்தது.
மறுபடி துவைக்கப் போட்டோம்.

கேக் ஒன்று, பூ ஒரு கட்டு, மூன்று பேருக்கும் காலுறை.
கொண்டுபோனது அதிகம் என்று
கதவு திறந்த கணமே தெரிந்துவிட்டது.
அவள் கணவன் பிரேபன் காலுறையை அங்கேயே மாட்டிக்கொண்டான்.
அளவு சின்னது. குதிகால் பாதியில் நின்றது.
இரவு முழுக்க அவன் அதைக் கழற்றவில்லை.

மேசையில் ஏழு மெழுகுவர்த்திகள்.
கரண்ட் போய்விட்டதோ என்று சுவிட்சைப் பார்த்தேன்.
இருந்தது.
இருந்தும் இருட்டை உள்ளே அழைத்து
நடுவில் உட்காரவைத்திருந்தார்கள், என்னைப் போலவே.

பன்றி வறுவல், உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த சிவப்புக் கோஸ்.
இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டு தடவை வேண்டாம் சொல்லி
மூன்றாவதில் சரி என்பதாக இருந்த என் திட்டம்
முதல் படியிலேயே பாழ்.
அரைமணி நேரம் பசியோடு புன்னகைத்தேன்.
பத்து வயது ஸிசெல்தான்
தன் தட்டிலிருந்து ஒரு கிழங்கை
என் பக்கம் உருட்டிவிட்டாள், பேச்சு எதுவும் இல்லாமல்.

பிறகு பகடை.
கோப்பையால் மூடிக்கொண்டு
விழுந்த எண்ணைப் பொய்யாய்ச் சொல்லும் ஆட்டம்.
பொய்யில் நான் கெட்டி என்று அன்றுதான் தெரிந்தது.

நடையில் தொங்கிய என் கோட்டுப் பைக்குள்
போன் ஒருமுறை உறுமியது.
அரசாங்கக் கடிதத்துக்கென்று நான் வைத்திருக்கும் ஒலி.
இருக்கலாமா, போகவேண்டுமா என்பது
அந்த ஒரு உறுமலுக்குள் எங்கோ இருந்தது.
கோப்பைமேல் என் விரல்கள் நின்றுவிட்டதை
வீபெகெ பார்த்தாள்.
எழுந்துபோய் நடைக்கதவைச் சாத்தினாள்.
உன் முறை என்றாள்.

அந்தக் கதவை இன்னும் யோசிக்கிறேன்.
அன்பா, நழுவலா.

இந்த ஊர் ஜன்னல்களுக்குத் திரை கிடையாது.
வேலை முடிந்து சைக்கிள் மிதிக்கையில்
இருபுறமும் மஞ்சள் மஞ்சளாய் அறைகள்,
அவற்றில் கோப்பை ஏந்திய ஆட்கள்.
பார்த்தும் பாராதவர்கள் என்று
எத்தனை மாலை கறுவியிருக்கிறேன்.
அன்று உள்ளிருந்து பார்த்தேன்.
கண்ணாடியில் தெருவே இல்லை.
ஏழு சுடரும் எங்கள் நாலு முகமும்தான்.

கிளம்பும்போது புது மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் திணித்தாள்.
ஆறு மணி நேரம் எரியும் என்று அட்டையில் போட்டிருந்தது.
என் அறையில், ஜாம் பாட்டில் மூடியில் அதை நட்டு
போனைக் குப்புறக் கவிழ்த்து
இது முடியட்டும், அப்புறம் படிக்கலாம் என்று
கோட்டோடு உட்கார்ந்தேன்,
ஆற அமர.

நாலு மணி நாற்பது நிமிடத்தில் அணைந்துவிட்டது.